கேட்டுல நின்னு கூட்டாளி பேரையே எழுதிட்டேன், இப்ப அவன் பேச மாட்டேங்கிறான்

நீலச்சட்டை16 | செவ்வாய், இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியா பினாங்கு, பாரம் 4 (பத்தாம் வகுப்பு மாதிரி). இந்த வருஷம் என்னைத் துணைத் தலைமை பெங்காவாஸா (ஸ்கூல் கட்டொழுங்கப் பாத்துக்கற மாணவர் தலைவனா) போட்டாங்க. போட்டப்ப வீட்ல ஒரே சந்தோஷம், அம்மா அந்த நீலச் சட்டைய மூணு தடவ அயர்ன் பண்ணாங்க, பாட்டி சுத்திப் போட்டாங்க. இப்ப அந்தச் சட்டைய பாத்தாலே வயித்தக் கலக்குது.

விஷயம் என்னன்னா, எங்க ஸ்கூல்ல 7.30க்கு கேட்ட மூடிருவாங்க, அதுக்கப்புறம் வர்றவங்க பேர ஒரு புக்ல எழுதணும், அது எங்க வேல. தமிழ்ப்பள்ளில ஒண்ணாம் ஆண்டுலருந்து என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்தவன் ஒருத்தன் இருக்கான். போன மாசம் ஒரே வாரத்துல மூணு நாள் லேட்டா வந்தான், மூணு நாளும் கேட்டுல டியூட்டி நான்தான். எழுதிட்டேன். மூணாவது நாள் கட்டொழுங்கு ஆசிரியர் அவன கூப்பிட்டு விசாரிச்சு எஸ்எஸ்டிஎம்ல (மாணவர் ஒழுக்கத்தப் பதியற கம்ப்யூட்டர் சிஸ்டம்) ஏத்திட்டாரு, அவங்கம்மாவையும் ஸ்கூலுக்கு வரச் சொல்லிட்டாரு. அன்னைலருந்து ஒரு பேச்சு இல்ல. ரெஹாட்ல (இடைவேளைல) நான் போய் உக்காந்தா தட்ட எடுத்துக்கிட்டு வேற மேசைக்குப் போயிடுறான். மத்த பசங்களும் அவன் பக்கம்தான், என்னைப் பாத்தா "சிக்கு வராருடா, நேரா உக்காருங்கடா"ங்கிறாங்க, சிக்குன்னா வாத்தியார்.

இன்னொண்ணு, பாரம் 2 ஜூனியர் பெங்காவாஸ் ஆறு பேர் என் கீழ இருக்காங்க, சொன்னா ஒண்ணும் கேக்கறதில்ல, நான் கத்துறேன், கத்தினா சிரிக்கிறாங்க. தலைவனா இருக்கணும்னா எல்லாரும் வெறுக்கத்தான் செய்வாங்களா, இல்ல நான்தான் தப்பா பண்றேனா? யாராவது இதுல இருந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சுங்கைடுவா_ஹாஸ்டல் | செவ்வாய், இரவு 10.40

தம்பி, நானும் பெங்காவாஸா இருந்தவன்தான், உன் வயித்துக் கலக்கம் எனக்குத் தெரியும். முதல்ல ஒண்ணு, வாட்ஸ்அப்ல நீளமா சாரி கடிதம் எழுதாத. அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டு ஸ்டிக்கர் ஆக்கிருவானுங்க, எனக்கு நடந்துச்சு. நேர்ல போய்ப் பேசு.

செந்தூல்_மாமா | செவ்வாய், இரவு 11.05

எதுக்கு சாரி? லேட்டா வந்தான், எழுதுன. அவ்ளோதான். கூட்டாளின்னு விட்டிருந்தா நாளைக்கு சீனப் பையன் கேப்பான், மலாய்ப் பையன் கேப்பான், உங்க ஆளுன்னா விடுவியா, எங்கள மட்டும் எழுதுவியான்னு. அப்பறம் அந்த புக்குக்கு என்ன மரியாத? நீ செஞ்சது சரி. கண்டுக்காத.

பட்டர்வொர்த்_அம்மா | புதன், காலை 6.20

நைட் ஷிப்ட் முடிச்சு வந்து இத படிக்கிறேன். தம்பி ஒரே ஒரு கேள்வி. அந்தப் பையன் ஏன் மூணு நாள் லேட்டா வந்தான்?

நீலச்சட்டை16 | புதன், மதியம் 2.55

ஆன்ட்டி… நான் கேக்கல. கேட்டுல பத்துப் பதினஞ்சு பேர் நிப்பாங்க, நான் குனிஞ்சு பேரு, கிளாஸ், நேரம்னு எழுதிக்கிட்டே போவேன். அவன் பேரும் கிளாஸும் எனக்குத் தெரியும்ல, அதனால ஒண்ணுமே கேக்காம எழுதிட்டேன்.

பட்டர்வொர்த்_அம்மா | புதன், மாலை 4.10

ம். யோசிச்சுப் பாருப்பா, தெரியாத பிள்ளைங்க கிட்டயாவது பேர் என்னன்னு ஒரு வார்த்த கேட்ட, தெரிஞ்சவன் கிட்ட அதுவும் இல்ல.

ஓய்வு_டீச்சர் | புதன், இரவு 8.30

34 வருஷம் வாத்தியார் வேல பாத்தவ நான், அதுல பாதி கெடாவுல, மீதி பினாங்குல. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

தம்பி முதல்ல உன் வேலை என்னன்னு தெளிவா தெரிஞ்சுக்கோ. பள்ளிக் கட்டொழுங்குக்கு 1959லயே விதிமுறை போட்டிருக்காங்க. தண்டனை குடுக்கற அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் பொறுப்பு குடுத்த ஆசிரியருக்கும்தான். பெங்காவாஸுக்கு எழுதற வேலதான், தண்டிக்கற வேல இல்ல. இதச் சொன்னா பிள்ளைங்க "அப்ப எனக்கு பவரே இல்லையா டீச்சர்"னு முகத்தத் தொங்கப் போடுவாங்க. அட, அது எவ்ளோ நிம்மதி தெரியுமா? தண்டன உன் கையில இல்லேன்னா நீ யாரையும் மெரட்ட வேண்டிய அவசியமே இல்ல. அவன் பக்கத்துல நின்னுக்கிட்டே எழுதலாம்.

நான் பண்ண தப்பு ஒண்ணு சொல்றேன். வேலைக்குச் சேந்த புதுசு, தோட்டப்புறத்துப் பள்ளி. ஒரு பையன் தெனமும் முதல் பாடத்துலயே தூங்குவான். ஒருநாள் எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வெச்சு, வீட்ல ராத்திரி என்ன கூத்தான்னு கேட்டேன், கிளாஸே சிரிச்சுச்சு. பெறகுதான் தெரிஞ்சுது, அவங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, பையன் விடியக்காலம் நாலு மணிக்கு அம்மாகூட வெளிக்காட்டுக்குப் போய் ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு அப்படியே பள்ளிக்கூடம் வந்திருக்கான். கைல பால் பிசுக்கு கூட போயிருக்காது. நான் மன்னிப்புக் கேட்டேன். எங்க கேட்டேன் தெரியுமா, ஸ்டாஃப் ரூம்ல, தனியா. அவமானப்படுத்தினது நாப்பது பேர் முன்னாடி, மன்னிப்பு மட்டும் ரகசியமா. அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது.

எங்கப்பாவும் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவரு, அதாவது மரத்தச் சீவி பால் எடுக்கற தொழிலாளி. 1960ல வெள்ளைக்காரங்க தோட்டத்தத் துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த நேரம், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு தோட்டம் தோட்டமா போனாரு. அப்ப அவரு அமைச்சரு, கோலாலம்பூர்ல உக்காந்து ஒரு அறிக்க விட்டிருக்கலாம். ஆனா தொழிலாளிங்கள நேர்ல பாத்து, அவங்க பயத்தக் கேட்டு, பத்து வெள்ளி பத்து வெள்ளியா பணம் சேத்துத்தான் அந்தச் சங்கம் தோட்டம் வாங்குச்சு. எங்கப்பாவும் ஒரு பங்கு எடுத்தாரு, ஏன் எடுத்தீங்கன்னு கேட்டா கணக்கு வழக்கெல்லாம் சொல்லமாட்டாரு, "வந்து உக்காந்து பேசினாங்கம்மா"ன்னு மட்டும் சொல்வாரு.

மெர்டேக்கா_மீகோரெங் | புதன், இரவு 9.02

டீச்சர் நல்லா சொன்னீங்க ஆனா நெஜத்த பேசுவோம். இப்ப எவன் சேவை செய்ய பெங்காவாஸ் ஆகறான்? எல்லாம் கோகோ (புறப்பாட) மார்க்குக்குத்தான். யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணா 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாடம், அந்தப் பத்துக்குத்தான் இந்த சட்டை, பேட்ஜ், செயலாளர், பொருளாளர் எல்லாம். எங்க ஸ்கூல்ல ஒருத்தன் மூணு சங்கத்துக்குத் தலைவர், ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்ல, போட்டோவுக்கு மட்டும் நடுவுல உக்காருவான்.

சுங்கைடுவா_ஹாஸ்டல் | புதன், இரவு 9.15

மார்க்குக்குச் சேந்தா என்ன தப்பு அண்ணே? நானும் மார்க்குக்குத்தான் சேந்தேன். சேந்ததுக்கப்புறம் எப்படி நடந்துக்கிட்டோம்னுதான் பாக்கணும். அதுவும் இந்தத் தம்பி மார்க்குக்கு மட்டும் இருந்தா ராத்திரி பத்து மணிக்கு இங்க வந்து பொலம்பிக்கிட்டு இருக்க மாட்டான்.

செந்தூல்_மாமா | புதன், இரவு 9.30

டீச்சர் மேல மரியாத இருக்கு. ஆனா கேட்டுல நின்னு ஒவ்வொருத்தன் கதையும் கேட்டா எட்டு மணி ஆயிரும். எல்லாருகிட்டயும் ஒரு கத இருக்கும். பஸ் வரல, பாட்டிக்கு முடியல, பூனை குட்டி போட்டுச்சு. ரூல்ஸ்னா ரூல்ஸ்லா.

ஓய்வு_டீச்சர் | புதன், இரவு 9.41

கதை கேட்டா ரூல்ஸ் போயிரும்னு நான் சொல்லலையே தம்பி. எழுதட்டும். "என்னாச்சு"ன்னு கேக்க எத்தன நொடி ஆகும்? பூனை குட்டி போட்ட கதையா இருந்தா அதையும் எழுதட்டும், அடுத்த வாரமும் அதே பூனை குட்டி போட்டா தெரிஞ்சு போயிரும்.

பாரம்5_பொண்ணு | வியாழன், மாலை 3.48

நான் கேஎல், எங்க ஸ்கூல்ல தமிழ் மொழிக் கழகத் தலைவி. இந்த "ஏன்னு கேளு" விஷயத்துல எனக்கு ஒரு அடி விழுந்துச்சு, அத சொல்லத்தான் வந்தேன்.

எங்க ஸ்கூல்ல பாரம் 1க்கு தமிழ் வகுப்பு இல்லாம இருந்துச்சு. 1996 கல்விச் சட்டப்படி தேசிய இடைநிலைப்பள்ளில குறைஞ்சது 15 மாணவர்களோட பெற்றோர் கேட்டா தமிழ் படிக்க வசதி செஞ்சு தரணும். சரி 15 கையெழுத்துதான, ஈஸின்னு நெனச்சு குரூப்ல பெருசா ஒரு அறிவிப்பு போட்டேன். தாய்மொழி, உயிர், மூச்சு, அடையாளம்னு எல்லாம் எழுதி, கடைசில ரெண்டு ஆச்சரியக்குறி வேற. 46 பேர் பாத்தாங்க, மூணு பேர் கட்டைவிரல் போட்டாங்க, கையெழுத்து ஒண்ணு கூட வரல. எனக்கு அப்படி ஒரு கோவம், நம்மாளுங்களுக்கு தமிழ்ப் பற்றே இல்லன்னு கழகக் கூட்டத்துல கத்தினேன், செயலாளர் பொண்ணு அழுதுடுச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல பாவம்.

அப்பறம் எங்க பொறுப்பாசிரியை, நீ யாரையாவது நேர்ல பாத்தியாம்மான்னு கேட்டாங்க. இல்ல. சரின்னு செவ்வாக்கிழம பாசார் மாலாம்ல (இரவுச் சந்தைல) போய் ஒரு ஜூனியரோட அப்பாவ பாத்தேன், அப்பம் பாலிக் (மடிச்சுத் தர்ற இனிப்பு அப்பம்) கடை போட்டிருக்காரு. கூட்டம் வேற, நான் ஓரமா நின்னேன், அவரே ஒரு அப்பத்த மடிச்சுக் கையில குடுத்துட்டு என்னம்மான்னாரு. சொன்னேன். அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "கிளாஸ் முடிஞ்சு எம்பொண்ணு எப்படிம்மா வீட்டுக்கு வரும்? ஸ்கூல் வேன் ஒன்ற மணிக்கே போயிரும்ல." இதுதான் விஷயம்! நான் மொழிப்பற்று பேசிக்கிட்டிருந்தேன், அவங்களுக்கு வேன் பிரச்சன. அடுத்த வீட்லயும் வேன், அதுக்கடுத்ததுலயும் வேன். அப்பறம் வேன் ஓட்டற அங்கிள் கிட்ட போய் புதன்கிழம மட்டும் ரெண்டாவது ட்ரிப் வர முடியுமான்னு கேட்டோம், ஒரு பிள்ளைக்கு ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) கூட வேணும்னாரு, பெத்தவங்க சரின்னாங்க. 17 கையெழுத்து. செயலாளர் பொண்ணுகிட்ட கூட்டத்துலயே, எல்லார் முன்னாடியும் சாரி கேட்டேன் (டீச்சர் போஸ்ட் படிக்கறதுக்கு முன்னாடியேதான், ஹிஹி).

மெர்டேக்கா_மீகோரெங் | வியாழன், மாலை 4.20

சரி, இது மார்க்குக்கு பண்ணது இல்ல. ஒத்துக்கறேன். அந்த அப்பம் பாலிக் கடை எந்த ஏரியா?

மோர்ப்பந்தல் | வியாழன், இரவு 11.50

ஜூனியர் பேச்சு கேக்க மாட்டேங்கறாங்கன்னு தம்பி கேட்டுச்சே, அத யாரும் தொடல. நான் சொல்றேன்.

தைப்பூசத்துக்கு தண்ணீர் மலை முருகன் கோயிலுக்குப் போற வழியில நாங்க வருஷா வருஷம் பந்தல் போடுறோம், மோர், பானகம், ராத்திரிக்கு கடலை. வேலை செய்யறது எல்லாம் 13லருந்து 19 வயசுப் பசங்க. நான் பொறுப்பெடுத்த மொத வருஷம் நாட்டாம மாதிரி நடுவுல நின்னு "டேய் கப்ப எடு, டேய் ஐஸ் ஒடை, டேய் குப்பய அள்ளு"ன்னு கத்திக்கிட்டே இருந்தேன். ஒரு பையன் மோர் வாளிய தட்டி விட்டுட்டான், பக்தருங்க வரிசையா நிக்கறப்ப அவன காய்ச்சு எடுத்தேன். பன்னெண்டு மணிக்குப் பாத்தா அவனக் காணோம், கூட ரெண்டு பேரையும் காணோம். விடியக்காலம் மூணு மணிக்கு நான் ஒத்த ஆளா குந்திக்கிட்டு அண்டாவ தேச்சேன், கையெல்லாம் புளிச்ச மோர் வாடை, அந்த நேரத்துல ஒரு காவடி மேளம் அடிச்சுக்கிட்டு தாண்டிப் போகுது, எனக்கு அழுவை வந்துருச்சு.

மறு வருஷம் மாத்தினேன். அந்த வாளி தட்டினவன் வீட்டுக்கே போய், மோர் மேச முழுக்க உன் பொறுப்புடா, யார வெச்சுக்கணும், எங்க வெக்கணும், எல்லாம் நீயே பாத்துக்க, ஆனா மோர் தீரக்கூடாதுன்னு சொன்னேன். அவன் பண்ண மொத வேல என்ன தெரியுமா, வாளிய கீழ வெக்காம செங்கல் அடுக்கி அது மேல வெச்சான், அப்ப கால் தட்டாது. அத்தன வருஷமா எங்க யாருக்கும் அது தோணல. கட்டளை போட்டா நீ சொன்ன அளவுக்குத்தான் செய்வான் தம்பி, பொறுப்பக் குடுத்தா மூளையையும் சேத்துக் கொண்டு வருவான். அப்பறம் இன்னொண்ணு, பொறுப்பெடுத்தவன் கடைசியாத்தான் சாப்பிடணும். பசங்க பேசமாட்டாங்க, ஆனா பாத்துக்கிட்டே இருப்பாங்க.

செந்தூல்_மாமா | வெள்ளி, காலை 7.10

மோர்ப்பந்தல் சொன்னதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துருச்சு. நான் 2004ல பிஎல்கேஎன் (தேசிய சேவைப் பயிற்சி முகாம்) மொத பேட்ச். டோர்ம்ல மூணு இனமும் கலந்து போட்டிருந்தாங்க. மொத நாள் தலைவரு எடுக்கச் சொன்னப்ப சத்தமா பேசறவன எடுத்தோம் (நான்தான் அது). ஒரு வாரத்துல எவனும் மதிக்கல. கிளந்தான் பையன் ஒருத்தன், வாயே தொறக்க மாட்டான், தெனமும் எல்லாருக்கும் முன்னாடி எழுந்திரிச்சு கடைசி கட்டில் வரைக்கும் போய் ஒவ்வொருத்தனயும் பேர் சொல்லி எழுப்புவான். என் பேர மொத நாளே சரியா சொன்னவன் அவன் ஒருத்தன்தான், நம்ம பேரு அவங்களுக்கு எவ்ளோ கஷ்டம்னு தெரியும்ல. மூணாவது வாரம் ஏதாவது சண்டன்னா எல்லாரும் அவன்கிட்டதான் போனானுங்க. நானும்.

ஆனாலும் ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். அதுல மாத்தம் இல்ல.

நீலச்சட்டை16 | ஞாயிறு, இரவு 9.25

எல்லாருக்கும் நன்றி. அப்டேட் சொல்றேன்.

நேத்து சாயந்தரம் அவன் வீட்டு ஃபிளாட்டுக்குப் போனேன். லிப்ட் வேற வேலை செய்யல, பதினோராவது மாடி, ஏறி முடிக்கறதுக்குள்ள நான் யோசிச்சு வெச்சிருந்த டயலாக் எல்லாம் மறந்து போச்சு. அவங்கம்மாதான் கதவத் தொறந்தாங்க, சாப்பிட்டியாய்யான்னு கேட்டாங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி. அதுவே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

வெளிய காரிடார்ல நின்னோம். நான் சாரி சொன்னேன், ஏண்டா லேட்டா வந்தன்னு கேட்டேன். அவன் அஞ்சு நிமிஷம் பேசல, கீழ கார் பார்க்கையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்பறம் சொன்னான். அவங்கம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் பேக்டரில ஷிப்ட் மாறிடுச்சு, காலைல ஆறு மணிக்கே பேக்டரி பஸ் வந்துருது. தங்கச்சி இந்த வருஷம்தான் ஒண்ணாம் ஆண்டு, அத தமிழ்ப்பள்ளில விட வேற ஆள் இல்ல. அது இவன் கைய விடாதாம், டீச்சர் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் கேட்டுல நின்னு அழுவுமாம். அதுக்கப்புறம் ரேப்பிட் பஸ் புடிச்சு வரணும், ஒரு பஸ் விட்டா போச்சு.

சிக்கு கிட்ட சொல்லியிருக்கலாமேடான்னேன். "எங்கம்மாவால பிள்ளைய ஸ்கூல்ல விட முடியலன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணுமா"ன்னான்.

அப்பறம் அவன் சொன்னதுலதான் எனக்கு ராத்திரி தூக்கம் வரல. "நீ எழுதினதுக்கு எனக்குக் கோவம் இல்லடா. எழுதறது உன் வேல. மூணு நாளும் நிமிந்து என் மூஞ்சியப் பாக்கவே இல்ல பாரு, அதான்."

நான் நிமிந்து பாக்காததுக்கு உண்மையான காரணம் கியூ நீளம்னு இல்ல. பாத்தா எழுத முடியாதுன்னு பயம். இத அவன்கிட்டயும் சொன்னேன். சரி விடுன்னான். முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்லமாட்டேன், ஆனா கீழ வரைக்கும் கூட எறங்கி வந்தான், பதினோரு மாடியும்.

பட்டர்வொர்த்_அம்மா | ஞாயிறு, இரவு 9.50

அந்தம்மா எடத்துல நான் இருந்திருக்கேன்பா. பாயான் லெப்பாஸ்ல இல்ல, பிறையில. என் பெரியவன்தான் சின்னவன ஸ்கூல்ல விட்டான். அவன் எத்தன நாள் லேட்டா போனான்னு எனக்குத் தெரியாது, அவன் சொன்னதே இல்ல.

ஓய்வு_டீச்சர் | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, அடுத்து ஒண்ணு செய். அவன் சம்மதிச்சா மட்டும், அவன்கூட சேந்து ஆலோசக ஆசிரியரப் போய்ப் பாரு. நீ அவனுக்காகப் பேசிடாத, அவனே பேசட்டும், நீ பக்கத்துல இரு. அம்மாகிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டுப் போங்க. கட்டொழுங்கு ஆசிரியர் கெட்டவரு இல்ல, அவருக்கும் புக்ல பேரும் நேரமும்தான் தெரியுது, உனக்குத் தெரியாதது அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நீலச்சட்டை16 | புதன், மாலை 5.15

போனோம். ஆலோசக ஆசிரியர் கேட்டுக்கிட்டாங்க, கட்டொழுங்கு சிக்குவையும் கூப்பிட்டுப் பேசினாங்க. உடனே விதிவிலக்கு எல்லாம் குடுக்கல. அந்தத் தமிழ்ப்பள்ளி கிட்ட பேசி தங்கச்சிய சீக்கிரமே உள்ள விட்டுக்க முடியுமான்னு கேக்கறாங்களாம், அதுவரைக்கும் லேட்டா வந்தா பேர் எழுதணும், ஆனா காரணத்தோட எழுதணும், அப்ப எஸ்எஸ்டிஎம்ல ஏத்தறதுக்கு முன்னாடி விசாரிப்பாங்க.

பிரச்சன என்னன்னா புக்ல காரணம்னு ஒரு கட்டமே இல்ல. எண், பேரு, வகுப்பு, நேரம், அவ்ளோதான். அதனால நேத்து ராத்திரி உக்காந்து ரூலர் வெச்சு புக்ல மிச்சமிருந்த பக்கம் எல்லாத்துலயும் ஒரு கோடு போட்டு "செபாப்"னு, அதான் மலாய்ல காரணம்னு, எழுதினேன். 60 பக்கம், வெரல் வலிக்குது. சிக்கு பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, புக்க மூடி குடுத்துட்டாரு. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

ஜூனியருக்கு மோர்ப்பந்தல் அண்ணே சொன்னத செஞ்சேன். கேன்டீன் வரிசைய ரெண்டு பேருக்கு முழுசா குடுத்துட்டேன். மொத நாள் ஒரே கூத்து, பாரம் 5 அண்ணனுங்க எல்லாம் திட்டினாங்க. ரெண்டாவது நாள் அவனுங்களே நூடுல்ஸ் வரிசைய தனியா, தண்ணி வரிசைய தனியா பிரிச்சுட்டானுங்க. நான் ஒரு வார்த்த பேசல, கை கால் எல்லாம் துறுதுறுன்னுச்சு, ஆனா பேசல. கடைசியா போய் வாங்கினேன், நாசி லெமாக் தீந்து போச்சு.

மோர்ப்பந்தல் | புதன், மாலை 5.40

ஹாஹா, தீராம இருந்தாத்தான் ஆச்சரியம். அடுத்த தைப்பூசத்துக்கு எங்க பந்தலுக்கு வா தம்பி, அண்டா தேய்க்க ஆள் வேணும்.

செந்தூல்_மாமா | புதன், இரவு 8.15

கட்டம் போட்டது நல்ல ஐடியா. பூனைக்கும் சேத்து எடம் விட்டியா?

நீலச்சட்டை16 | வெள்ளி, இரவு 8.02

மாமா, பூனை இன்னும் வரல.

இன்னிக்கு அவன் மறுபடியும் லேட்டு, 7.34. எனக்கு முன்னாடி பன்னெண்டு பேர் நின்னாங்க. அவன் முறை வந்தப்ப நிமிந்து பாத்தேன், சட்டை முழுக்க வேர்வை, பேக் ஜிப் கூட போடல. தங்கச்சி உள்ள போச்சாடான்னு கேட்டேன். போச்சு, இன்னிக்கு கொஞ்சமாத்தான் அழுதுச்சுன்னான். எழுதினேன். எழுதி முடிச்சதும் புக்க அவன் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்த நீயே எழுதுன்னு பேனாவக் குடுத்தேன். எழுதிட்டு பேனாவ திருப்பிக் குடுக்காம எடுத்துட்டுப் போயிட்டான், ரெஹாட்ல வந்து மேச மேல வெச்சுட்டு எனக்கு எதிர்ல உக்காந்தான்.